அழித்துக் கொடுத்த சிரிப்பு

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடக்கும், ஒற்றெழுத்துகள் பல இடத்தில் விடுபட்டிருக்கும். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத் திருத்தினேன், மிச்சத்தை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரசீதுக்கு மேல் நான் எதையும் எழுதியதில்லை. ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் உம்றா விசாவுக்கும் அங்கே படம் எடுப்பேன். கலியாணம் கிடைத்தால் மோட்டார் சைக்கிளில் கேமராப் பையை மாட்டிக்கொண்டு பொத்துவில் வரைக்கும் போவேன். போகிற வழியில் கரைவலை இழுக்கிறவர்களையும் வயலில் நிற்கிறவர்களையும் எடுக்க ஆசை வரும். ஆனால் கேட்க வெட்கம். ஒருமாதிரித் துணிந்து கேட்டால், அதுவரை வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்ற மனிசன் கயிற்றை விட்டுவிட்டு, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி, தலையைத் தடவி, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பதுபோல் நிற்பார். ஸ்டூடியோவில் இன்னும் மோசம். கதிரையில் இருந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லவும் எனக்கு நா வராது. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்திருக்கிறேன். அந்த ஆள்தான் என்று சொல்லக்கூடிய படம் மிகக் குறைவு. அதில் ஒன்றை என் கையாலேயே அழித்தேன்.

என் வெட்கம்தான் எனக்குக் கலியாண வேலை தேடித் தந்தது. பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆம்பிளைகளை விடாத வீடுகளும் என்னை விடும். "அந்தக் காக்கா நிலத்தப் பாத்துக்கிட்டுத்தான் வருவாரு" என்று பேர். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். இப்படித்தான் அட்டாளைச்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் பெண்ணைப் பெற்ற உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நிலத்தப் பாத்துக்கிட்டு எப்பிடித் தம்பி எங்கட மொகத்த எடுப்பீங்க? செருப்பெல்லாம் நல்லா வருமா?" பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

ஆனால் அவர் தன் முகத்தைக் கேமராவுக்குக் கொடுக்கவே இல்லை. நான் திரும்புகிற பக்கமெல்லாம் அவர் முதுகுதான் இருந்தது. மாப்பிள்ளையை உள்ளே கொண்டுவந்து பால் கொடுக்கிற நேரம் மட்டும் அவர் நேரே நின்றாக வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கை தவறி, பால் முழுக்க ஷேட்டில் ஊற்றுண்டது. மாமியார் வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டார். "பாலக் குடிக்கத் தெரியாத புள்ளயையா எங்கட ஊட்டுக்கு அனுப்பிரிக்காங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முக்காடு பின்னால் சரிந்தது. நான் கேமராப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டிலும் இல்லை, என்னிடம் வருகிற வீடுகளில் உண்டு. அல்பம் கையில் கிடைத்த பிறகு வீட்டுப் பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்து கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார்கள். பெண்களின் படங்களை எல்லாம் அவர்களின் கண்முன்னே அழிக்க வேண்டும். "அழிச்சித் தாங்க" என்பார்கள், முந்திப் பிலிம் காலத்தில் "கழுவித் தாங்க" என்று கேட்டதுபோல. நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. அது அமானிதம், நம்பி என்னிடம் ஒப்படைத்த பொருள்.

அந்த உம்மாவும் வந்தார். முக்காடு சரிந்த படம் என்பதால் அதை அல்பத்திலும் போடவிடவில்லை. திரையில் அது வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இரிக்கி தம்பி. அழிங்க."

அழித்தேன்.

"கம்பியூட்டருக்குள்ள குப்பக் கூடையும் ஒண்டு இரிக்காம். அதுக்குள்ளயும் பாத்து அழிங்க. கட்டார்ல இரிக்கிற மகன் சொன்னான்."

அதையும் அழித்தேன். கேமராவின் மெமரிக் கார்டையும் அவர் முன்னாலேயே சுத்தமாக்கினேன். எனக்காகத் துஆ செய்துவிட்டுப் போனார்.

போன மாதம் அவருடைய இளைய மகன் வந்தான், த்ரீவீல் ஓட்டுகிறவன். உம்மா மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டதாம். கலியாணப் பெண்ணாக இருந்த அவன் ராத்தா, அதாவது அக்கா, இப்போது புருசனோடு சவூதியில். ஜனாஸாவுக்கு வரக் கிடைக்கவில்லை. உம்மாவின் ஒரு படமும் அவளிடம் இல்லை. வீடியோ கோல் எடுத்தாலும் உம்மா போனைக் கூரை முகட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கதைப்பாராம்.

"அந்தப் பால் குடுக்கிற படம் உங்களிட்ட இரிக்கும்தானே காக்கா? அத மட்டும் தாங்க. ராத்தா அழுது குழறிக்கிட்டிரிக்காள்."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். "தேடிப் பாக்கன்" என்றேன். இல்லாததை இல்லை என்று தெரிந்துகொண்டே மூன்று பழைய டிஸ்க்குகளைத் திறந்து தேடினேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. கடைசியில் கிடைத்தது அவருடைய அடையாள அட்டைப் படம். அதை மட்டும் அவர் அழிக்கச் சொல்லவே இல்லை. நெற்றியும் நாடியும் தெரிய, உதடு ஒட்டி, கண் மிரண்டு, யாரோ பொலிசில் பிடித்துவைத்த மனிசிபோல இருந்தார். எடுத்தவனும் நான்தான்.

மகன் அதைப் பார்த்தான். "இப்ப போன்லயே சிரிக்க வெக்கலாம் காக்கா" என்று வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் சவூதியில் இருந்து அவள் கோல் எடுத்தாள்.

"காக்கா, இது யார்ர பல்லு?"

எனக்கு விளங்கவில்லை. பிறகு படத்தை அனுப்பினாள். உம்மாவின் முகத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு முழு வரிசைப் பல். உம்மாவுக்கு வலப்பக்கம் ஒரு பல் இல்லை. சிரித்தால் அந்த ஓட்டைதான் முதலில் தெரியும்.

"இது எங்கட உம்மா இல்ல. அந்தப் படத்தத் தாங்க காக்கா. அல்லாக்காகத் தாங்க."

"அத அழிச்சிட்டன் புள்ள. உம்மாதான் முன்னால இருந்து அழிக்கச் சொன்னா."

"சொன்னா அழிக்கிறதா? எல்லாரும் அழிச்சிட்டம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு கொப்பி வெச்சிக்கிரிக்காங்க. மச்சிட கலியாணத்தப் படம் எடுத்தவர் வெச்சிரிந்து குடுத்தாரு. உங்களுக்கு மட்டும் என்ன?"

வாக்குத் தவறியவனுக்கு அவர்கள் வீட்டில் நல்ல பேர். வாக்கைக் காத்த நான் இரக்கமில்லாதவன். எனக்குக் கோபம் வந்தது, அழுகிற பிள்ளையிடம் அதைக் காட்டவும் முடியவில்லை. வைத்திருந்தால் அவள் உம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? வைக்காததற்கு இவளுக்கு என்ன பதில் சொல்வேன்? வேறு ஒன்றும் தெரியாமல், படத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் ஷேட்டில் பால் ஊற்றுண்டது, உம்மாவின் இடக்கையில் வெறும் கிளாஸ், வலக்கை சரிகிற முக்காட்டைப் பிடிக்கப் போய்ப் பாதியில் நின்றது, கண் இரண்டும் மூடுண்டு போனது, அந்தப் பல் ஓட்டை.

அவள் அழுகையை நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "முக்காடு என்ன நெறம்?"

"பச்ச. ஓரத்தில வெள்ளப் பூ."

"ஓம் காக்கா. ஓம். அத எழுதி அனுப்புங்க. மறந்திருவன்."

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. வாசித்துப் பார்த்தால் பால் இருக்கிறது, கிளாஸ் இருக்கிறது, பச்சை முக்காடு இருக்கிறது. சிரிப்பு மட்டும் வரவில்லை. ஒரு விரலால் ஒரு நொடியில் எடுத்ததை, இத்தனை நாள் இருந்தும் எழுத முடியவில்லை. இதைத்தான் அவளுக்கு அனுப்பப் போகிறேன். என்னிடம் வேறு இல்லை.

ஷவ்வால் பிறை ஒன்பது, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு எழுதியது.