‘வாறன்’ என்றொரு பட்டன்

நோர்வேயில் நான் இருக்கும் ஊரில் படகுக்காரர் நல்ல மரியாதையான ஆட்கள். போன கிழமையும் வேலைக்குப் பிந்தி, பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், கையும் காட்டினார். பிறகு படகை விட்டுவிட்டார். இடையில் ஒரு பாய் அகலத் தண்ணீர்தான் இருந்தது. ஓடி வருகிற ஆளைக் கண்டுகொண்டே படகை விடுவதற்குத் தனி மனத்துணிவு வேண்டும். இத்தனை வருசமாகியும் எனக்கு இது பழகவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அனலைதீவுக்குப் போகிற படகு அப்படி விட்டுவிட்டுப் போகாது. ஊர்காவற்துறையில் அது புறப்பட நிற்கும்போது, "கனகம் அக்கா பஸ்ஸாலை இறங்கிட்டா, வாறா" என்று யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், நிற்கும். ஏறியிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நாளைக்குத் தாங்களும் பிந்தலாம் என்பதால் அளவோடுதான் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. ஊர்காவற்துறைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் தங்கச்சி வசந்தி, ஆசிரியர் கூட்டம் இழுபட்ட நாட்களில் சொல்ல ஆளில்லாமல் படகைத் தவறவிட்டு, தெரிந்தவர்கள் வீட்டில் தங்க வேண்டியிருந்தது.

நான் முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறவள். இங்கே நூலகத்தில் சனிக்கிழமைகளில் அன்ட்ரொயிட் செயலி செய்யச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் மடிக்கணினியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கணினி தோசைக்கல்லாகச் சுட்டது. கடைசியில், திரைக்குள் இருந்த பொய்ப் போனில் நான் எழுதிய ‘வணக்கம்’ வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு ஏதும் உதவாமலே போய்விடுவேனோ என்ற என் நெடுநாள் கவலைக்கு அன்றைக்கு ஒரு வழி தெரிந்தது.

படகு நேரம் காட்டும் செயலி செய்யப் போகிறேன் என்று ஆசிரியை இங்கிரிட்டிடம் சொன்னேன்.

"நேரம் தப்பினால் சிவப்பில் ‘தாமதம்’ என்று காட்டுங்கள்" என்றாள்.

"அது தாமதமில்லை. ஆள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் நிற்கும்?"

"வரும்வரை."

அவள் யோசித்துவிட்டு, "இயந்திரம் அடிக்கடி பழுதாகுமா?" என்று அக்கறையோடு கேட்டாள்.

அவள் சொன்னபடியே செய்து அனுப்பினேன். "அக்கா, இது எந்த நேரமும் சிவப்பாத்தான் கிடக்கு" என்று வசந்தி சிரித்தாள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரேயொரு பட்டன் வைத்தேன்: ‘வாறன்’. வருகிறவர் அதை அமத்தினால் படகோட்டி சூசை அண்ணையின் போன் மணியடித்துப் பெயரைக் காட்டும். அவருடைய பழைய போனோ, தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி என்று எச்சரித்தது. "உவ ராணியை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும். போனுக்குத் தெரியாதாம்" என்று என்னைப் பற்றிச் சொன்னாராம் சூசை அண்ணை. வசந்திதான் மன்றாடிப் போட வைத்தாள். ஒருமுறை பிழைவிட்டாலும் கழற்றிவிடுவேன் என்று சொல்லித்தான் அவர் சம்மதித்தார்.

பிழைவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம், நூலகத்தில் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன பாண் துண்டைக் கடித்துக்கொண்டு, திரையிலிருந்த பொய்ப் போனில் என் பெயரைப் போட்டுப் பட்டனை அமத்திப் பார்த்தேன். பொய்ப் போனும் ஊரின் உண்மைப் போன்களும் ஒரே இடத்தில்தான் பேசிக்கொள்கின்றன என்பது என் மண்டையில் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில், சனிக்கிழமை வகுப்பு முடிந்து படகில் ஏறியிருந்த வசந்தி என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கை நிக்கிறியள்? சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள். படகு உங்களுக்காக நிக்குது."

பின்னால் ஆட்களின் குரல் கேட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ராணி எவ்வளவு காலத்துக்குப் பிறகு வருகிறாள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிச் செயலியைக் கழற்றிவிடுவாரே என்ற பயம் எனக்கு ஒருபக்கம். உண்மையைச் சொன்னால் அந்தப் படகு போய்விடுமே என்ற ஏக்கம் மறுபக்கம்.

சூசை அண்ணை போனை வாங்கினார். "எங்கை பிள்ளை, பஸ் பிந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை. நான் நோர்வேயிலைதான். பரீட்சிச்சுப் பாத்தனான், பிழைச்சுப்போச்சு."

"மணி நல்லாத்தான் அடிக்குது. கிடக்கட்டும்" என்றார். "இண்டைக்கு ஏலாதெண்டால் படகை எடுக்கிறன். வரேக்கை அமத்தும், என்ன?"

"ஓம் அண்ணை."

பரீட்சித்துப் பார்க்கப் போட்ட பெயர்களை எல்லாம் அழிக்கச் சொல்லி இங்கிரிட் பிறகு காட்டித் தந்தாள். எல்லாவற்றையும் அழித்தேன், ஒன்றைத் தவிர. நேற்றும் இங்கே படகு கைகாட்டிவிட்டுப் போய்விட்டது. அடுத்ததுக்காகத் துறையில் நின்றபடி போனைத் திறந்தேன். என் பெயருக்குக் கீழே ‘வாறன்’ பச்சையாகக் கிடந்தது. அமத்தினால் அங்கே நிற்பார்கள். அதனால்தான் விரலை எடுத்துக்கொண்டேன்.