பின் கதவு ஸ்பீக்கரில் கேட்ட பதில்

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், இந்த ஆள் நம்மிடம் எதையோ விற்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றும். அப்படியொரு சந்தேகப் பிராணி நான். கடையில் புளி வாங்கினால்கூடப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்காமல் நகரமாட்டேன் என்று என் மனைவி ஜோதி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

எனக்கு வீடு திருத்தங்கலில், வேலை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். போர்மேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன், அவரவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வெடிமருந்து புழங்குகிற இடம், ஒரு ஆள்கூட உள்ளே தங்கிவிடக் கூடாது என்று, முன்னே நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு வைத்த ஏற்பாடு. செல்போனையும் காலையிலேயே வாசலில் வாங்கி வைத்துவிடுவோம், முதலாளியின் போனும் உள்ளே போகாது.

போன சீசனில் காரியாபட்டிப் புரோக்கர் ஒருவர் மூலமாக ஒரு பழைய கார் வாங்கினேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஆனால் வண்டியோடு வந்த பழைய ஸ்பீக்கர் நான்கும் ஜலதோஷம் பிடித்த மாதிரி பாடின. கடையில் மாட்டக் கொடுத்தால் நல்ல வயரை உருவிவிட்டு மட்டமானதைப் போட்டுவிடுவான் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் நானே மாற்றுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். புது ஸ்பீக்கர்களை வாங்கிக் கொடுத்தவன் ஜோதியின் தம்பி கார்த்தி. மைக் செட் வைத்திருக்கிறான், விளையாட்டுப் புத்திக்காரன்.

கதவின் உள் அட்டையைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, பிளஸ் மைனஸ் பார்த்து வயரைச் சொருகி, முன் கதவுகள் இரண்டையும் பின்னால் இடது பக்கத்தையும் முடித்துவிட்டேன். வலது பின் கதவில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்திருந்தேன், புதியதை இன்னும் மாட்டவில்லை. அதற்குள் மாட்டினதைச் சோதித்துவிடலாம் என்று ஜோதியை உள்ளே உட்காரவைத்து, வெளியே நின்று ஒவ்வொரு கதவாகக் கேட்டேன். முன்னாடி இடது இருக்கா என்றால் இருக்கு என்பாள். இங்கேயும் பேர் வாசிக்க ஆரம்பிச்சிட்டீகளா என்று அவள் கேலி செய்ததில், நானும் விளையாட்டாக வலது பின் கதவையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

சாக்கின் மேல் கிடந்த ஸ்பீக்கர் சொன்னது. "இருக்கேன் அண்ணாச்சி."

நம்பினால் நம்புங்கள், அதில் ஒரு வயர் கிடையாது. ஜோதி தலையை நீட்டி, யாரு வந்திருக்கா என்று தெருவைப் பார்த்தாள். நான் கையில் எடுத்தேன். நடுவில் இருக்கிற காகிதக் கூம்பு என் விரலில் துடித்தது, மறுபடியும் அதே சொல், அதே குரல். அந்தக் குரலை நான் தினமும் கேட்கிறேன். எங்கள் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற பாக்கியத்தின் கரகரத்த குரல்.

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கார்த்தி வேலை என்று முடிவு கட்டினேன். ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் துழாவினேன், ஜோதியின் போனைப் பிடுங்கி அணைத்தேன். உன் தம்பிக்கு நீயும் உடந்தையா என்று அவளையே கேட்டுவிட்டேன், அதற்கு அவள் அப்புறம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்த்தியோ விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான், போனில் பின்னால் மேளச் சத்தம் கேட்டது. அப்போதும் நான் விடவில்லை. பாக்கியத்தைப் பேசவைத்து எப்போதோ பதிவு செய்திருப்பான், அந்த அம்மாவையே கேட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன்.

வீட்டில் அவருடைய கணவர் மட்டும் இருந்தார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிக் காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். பாக்கியத்திடம் போன் கிடையாது. மகளுக்குப் போடச் சொன்னேன். மகள், அம்மா இங்கே வரவே இல்லையே, சீசன் வேலை என்று நின்றுவிட்டதாக நினைத்தோம் என்றாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்தார். இருக்கேன் என்றால் கம்பெனியில்தானே இருக்க வேண்டும் என்று தோன்றி, பைக்கைக் கம்பெனிப் பக்கம் திருப்பினேன்.

சனிக்கிழமை நான் கூப்பிட்டபோது பாக்கியம் பதில் சொன்னார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான், பிற்பாடுதான் தெரிந்தது. பெயருக்குப் பதில் சொல்லிவிட்டு, சம்பளக் கூட்டத்தில் யாரிடமும் சொல்லாமல், மறந்துவைத்த பையை எடுக்கப் பெட்டி ஷெட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். உள்ளே தலைசுற்றி அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் விழுந்துவிட்டார். பெயரெல்லாம் சரியாக இருக்கிறது என்று வாட்ச்மேன் பூட்டிவிட்டார்.

கணவரையும் ஏற்றிக்கொண்டு போய் ஷெட்டைத் திறந்தோம். தகரக் கூரைக்குக் கீழே உள்ளே அடுப்பாக இருந்தது. பாக்கியம் சுவரோரம் கிடந்தார், உதடு வெடித்திருந்தது, கண் மட்டும் அசைந்தது. தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் விட்டு, சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். உள்ளே கிடந்து சத்தம் போட்டீர்களா, எந்தப் பக்கமாகப் போட்டீர்கள் என்று என் புத்திப்படி துருவினேன். கம்பெனிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது, தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பது எனக்கும் தெரியும். பாக்கியம் நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

"நான் எங்க சத்தம் போட்டேன் அண்ணாச்சி, நீங்கதான கதவுக்கு அங்கன நின்னு விடிய விடியப் பேரு வாசிச்சீக. நான் கண்ணச் சொருகுனா ஒடனே கூப்புடுவீக. நானும் இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேன்."

நான் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் தூங்கினேன். ஜோதியே சாட்சி.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் எப்படியாவது மனதைத் தேற்றியிருப்பேன். அந்த அம்மாவுக்கு மயக்கத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, ஸ்பீக்கர் விஷயம் கார்த்தியின் வேலைதான் என்று சாதித்திருப்பேன். அந்தப் பழைய ஸ்பீக்கரைப் பிளந்தும் பார்த்தேன், காந்தமும் காகிதமும் கம்பிச்சுருளும்தான் இருந்தன. ஆனால் நான் கிளம்பும்போது பாக்கியம் என் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"எனக்கு முன்னாடி வேற பேரெல்லாம் வாசிச்சீகளே, அவுகளும் உள்ள இருந்து இருக்கேன்னாகளே. அவுகள எப்பத் தொறந்து விட்டீக?"

பாக்கியம் இப்போது பழையபடி வேலைக்கு வருகிறார். எப்போதாவது தனியாக அகப்பட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல வாயெடுப்பார். புளியைக்கூட மோந்து பார்க்கிற ஆள் என்கிறார்களே, அந்த நான் உடனே லோடு வந்ததா, ஆர்டர் முடிந்ததா என்று பேச்சை மாற்றிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.