ஹட்டன் மேல்மாடியிலிருந்து சேலை லைவ்

சேலைக்கடை வேலைங்கிறது, இவங்க எடுக்க மாட்டாங்கன்னு முகத்தைப் பார்த்தே தெரிஞ்ச பிறகும் சிரிச்ச முகமா இன்னொரு சேலையை விரிக்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னாடி நின்னு பழகின யாரும் இதை இல்லைன்னு சொல்ல மாட்டீங்க. நிக்காதவங்க, போன வருசம் எங்கேயோ ஒரு கடையில மலை மாதிரி சேலையைப் பிரட்டிப் போட்டுட்டு "பொறகு வாறோம்"னு இறங்கிப் போனீங்களே, அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அங்க நின்னு சிரிச்சவ எங்க கூட்டத்து ஆளுதான்.

என் பேரு வசந்தி. ஹட்டன் டவுன்ல ஒரு துணிக்கடையோட மேல்மாடியில சேலைப் பக்கம் நிக்கிறேன். என்கூட சரோஜா அக்கா. கீழ ஆம்பளைங்க சட்டை, சாரம். கொஞ்ச காலமாவே மேல வர்றவங்க சேலையைத் தொட்டுப் பார்த்து, ஃபோன்ல படம் பிடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. அதே மாதிரி ஒண்ணு கொழும்புல இருந்து ஆன்லைன்ல அவங்க வீட்டு வாசலுக்கே வந்துரும். படம் நல்லா விழட்டும்னு நானே தோள்ல போட்டு வேற நின்னிருக்கேன், என் புத்தியை என்ன சொல்ல. ஒருநாள் முதலாளி படியேறி வந்து, தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன், யாவாரம் ஓடலைன்னா மேல்மாடியைப் பூட்டிருவேன்னு சொல்லிட்டாரு. எனக்கு மக ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறா. சரோஜா அக்கா வீட்டுல சம்பாதிக்கிற ஆளு அவங்க ஒருத்தங்கதான். அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சோத்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு முதலாளியே ஒரு யோசனையோட வந்தாரு. எல்லாரும் ஃபோன்லதானே வாங்குறாங்க, நாமளும் ஃபோன்லயே போவோம், பேஸ்புக்ல லைவ் போடுவோம், நீ பேசு, நான் பிடிக்கிறேன்னாரு. வேணாம்னு சொல்ற நிலைமையிலயா நாங்க இருந்தோம்?

முதல் நாள் கூத்து

கடையில வாய் ஓயாம பேசுறவதான் நான். ஆனா கடையில எதிர்ல ஒரு முகம் இருக்கும். "இந்தக் கரை பெருசா இருக்கே"ன்னு அந்த முகம் இழுத்தா, "உங்க உயரத்துக்கு அதுதாங்க எடுப்பு"ன்னு நான் இழுப்பேன். ஃபோனுக்கு ஏது முகம்? வணக்கம் சொன்னேன், அது பேசாம இருந்துச்சு. சேலையை விரிச்சேன், அப்பவும் பேசாம இருந்துச்சு. பிடிக்கலை போலன்னு பழக்கதோசத்துல விரிச்ச வேகத்துல மடிச்சு வச்சுட்டேன். இப்படியே ஒரு அடுக்குச் சேலை போயிருச்சு. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

முதலாளி வேற ரெண்டு கையாலயும் ஃபோனை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. பெரிய கடைக்குச் சொந்தக்காரரு, ஒரு சின்ன ஃபோனைத் தூக்கிட்டு அம்மா முன்னாடி நிக்கிற புள்ளை மாதிரி நின்னாரு. கடைசியா டிக்கோயாவில இருந்து ஒரு அம்மா எழுதினது திரையில வந்துச்சு. சரோஜா அக்கா சத்தமா வாசிச்சாங்க: "தங்கச்சி, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா இவ்வளவு நேரமா நாங்க பார்க்கிறது உங்க முதலாளியோட பெருவிரலை."

காயுமா?

எங்க பக்கம் சேலை வாங்குறவங்க விலைக்கு முன்னாடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. காயுமா? மழைக்காலத்துல லிந்துலைப் பக்கம் துவைச்ச துணி நாள்கணக்கா ஈரமாவே கிடக்கும். அடுப்புக்கு மேல கயிறு கட்டிக் காயப்போட்டா புகை மணக்கும். அதனால கடையில சேலையை விரலுக்கு நடுவுல வச்சு உரசிப் பார்ப்பாங்க. ஃபோன்ல எப்படி உரசுறது? லைவ்ல எல்லாரும் "காயுமா காயுமா"ன்னே எழுதிக்கிட்டு இருந்தாங்க. காயும் காயும்னு சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு.

ஒருநாள் பொறுமை போயி, ஒரு வாளித் தண்ணியைக் கொண்டுவரச் சொல்லி, புதுச் சேலையோட முந்தானையை அப்படியே அதுக்குள்ள முக்கிட்டேன். முதலாளி "ஐயோ வசந்தி"ன்னு கத்துனது லைவ்ல போயிருச்சு. பிழிஞ்சேன், சாயம் போகலைன்னு தண்ணியைக் காட்டினேன், ஜன்னல் ஓரமா தொங்கவிட்டேன். காயட்டும்னு விட்டுட்டு மத்ததைக் காட்டலாம்னு பார்த்தா, மத்ததை யாரும் கேக்கலை. அந்த முந்தானையைக் காட்டு, அதைக் காட்டுன்னு ஒரே பிடியா நின்னாங்க. கிரிக்கெட்டு பார்க்கிற மாதிரி உக்காந்து ஒரு முந்தானை காயுறதைப் பார்த்தாங்க. அன்னைக்குத்தான் முதல்தடவையா கொஞ்சம் ஆடர் விழுந்துச்சு. அதுல ஒண்ணு இப்படி: "அக்கா, சோறு வடிக்கணும், போயிட்டு வாறேன். அதுக்குள்ள காஞ்சிருந்தா எனக்கு ஒண்ணு, எங்க மாமியாருக்கு ஒண்ணு. காயலைன்னா மாமியாருக்கு மட்டும்."

டீச்சரும் கலரும்

லிந்துலையில ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்க லைவ்ல பார்த்துட்டு நேர்ல வந்தாங்க. நான் எடுத்து வச்ச சேலையை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தாங்க. "பிள்ளை, நேற்று நீர் காட்டேக்க இது நீலமெல்லோ, இப்ப பச்சையாக் கிடக்கு"ன்னாங்க. ரெட்டைச் சாயல் துணி அது. டியூப் லைட்டுக்குக் கீழ ஒண்ணு, வெளிச்சத்துல ஒண்ணு. சரி, வெயில்ல பார்ப்போம்னு ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிக்கிட்டு ரோட்டு வாசலுக்கு வந்தோம். ஹட்டன்ல நினைச்ச நேரத்துக்கு வெயில் வருமா? பனிமூட்டம் வந்து நின்னு, சேலை சாம்பலாத் தெரிஞ்சுது.

சரி, இதுவும் போச்சுன்னு மடிக்கப் போனேன். டீச்சர் என் கையில இருந்து சேலையை வாங்கி, சிரிப்பே இல்லாம சொன்னாங்க: "பரவாயில்லை, கட்டித் தாரும். மூண்டு சீலை எடுக்கிற அலுப்பு எனக்கு மிச்சம்."

குவைத்துல இருந்து

வீட்டு வேலைக்கு வெளிநாடு போன நம்ம பொண்ணுங்களும் லைவ் பார்ப்பாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்லை. ஒரு பொண்ணு குவைத்துல இருந்து அவங்க அம்மாவுக்கு ஒரு பச்சைச் சேலை சொல்லிருச்சு. பணத்தை அனுப்புது, அம்மா தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்து பார்சலை எடுத்துக்குவாங்க. எல்லாம் பேசி முடிஞ்சும் அது போகலை. சேலை ஏதாவது மாத்தணுமாம்மான்னு கேட்டேன். அது எழுதினதை என்னால சத்தமா வாசிக்க முடியலை, முதலாளிதான் வாசிச்சாரு: "சேலை இருக்கட்டுங்க அக்கா, ஃபோனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க, அங்க மழை பெய்யுதான்னு பார்க்கணும்."

மெரூன் சேலை

இப்ப நாங்க கவுந்த கதைக்கு வாறேன். தோட்டங்களுக்குச் சேலை விக்கிறவங்களுக்கு யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒண்ணு உண்டு. ஒரு லயத்துக்கு ஒரே சேலையை ரெண்டு பேருக்குக் குடுக்கக் கூடாது. லயத்துல வீடெல்லாம் ஒரே சுவரை ஒட்டி வரிசையா இருக்கும். தீபாவளிக் காலையில ஒருத்தி வாசல்ல இறங்கினா அடுத்த வாசல்ல நிக்கிறவ கண்ணு சேலைக்குத்தான் போகும். ரெண்டும் ஒண்ணா இருந்தா அந்தத் தீபாவளி அதோட நாசம். கடைக்கு வர்றவங்க முகம் எனக்குத் தெரியும், எந்தத் தோட்டம்னு தெரியும். "அது உங்க பக்கத்துல போயிருச்சு, இதைப் பாருங்க"ன்னு நைசாத் திருப்பி விட்டுருவேன். லைவ்ல முகம் ஏது? ஒருத்தி பேரு ரோஜாப்பூ, ஒருத்தி பேரு அம்மா செல்லம், ஒருத்தி படத்துல ஒரு பூனைக்குட்டி.

தங்கக் கரை போட்ட மெரூன் ஒண்ணு ஒருநாள் லைவ்ல பிச்சுக்கிட்டுப் போச்சு. நாங்க பார்சலை பஸ் கண்டக்டர் கையில குடுத்து விடுவோம், அவரு தோட்டத்துச் சந்தியில இருக்கிற கடையில இறக்கிட்டுப் போவாரு. அந்தச் சந்திக் கடையில ரோஜாப்பூவும் அம்மா செல்லமும் பூனைக்குட்டியும் ஒண்ணா வந்து நின்னு பார்சலைப் பிரிச்சிருக்காங்க. எல்லாரும் ஒரே லயம். எல்லாம் ஒரே மெரூன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. தோட்டத்துல லீவுங்கிறதால நாங்க காலையில லைவ் போடுற நாள். முதலாளி ஃபோனைப் பிடிச்சிருக்காரு, நான் பேசிக்கிட்டு இருக்கேன். படியில தடதடன்னு சத்தம். லயமே பையோட ஏறி வந்துருச்சு. முன்னாடி செல்வராணி அக்கா. கொழுந்து பறிக்கிறவங்க, குரல் எடுத்தா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். "என்ன வசந்தி, எங்களுக்கு யூனிபாம் தைச்சு அனுப்பியிருக்கீங்க?"ன்னாங்க. சரோஜா அக்கா என் கையைப் பிடிச்சாங்க. அத்தனையும் திரும்பி வந்தா மேல்மாடி அன்னைக்கோட முடிஞ்சுது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டு, தப்பு எங்களோடதுங்க, மாத்தித் தாறோம், எதை வேணாலும் எடுங்கன்னேன்.

அங்கதான் வேடிக்கை ஆரம்பிச்சுது. எல்லாரும் மாத்த வந்தவங்க, ஆனா ஒருத்திக்கும் மெரூனை விட மனசில்லை. நீ மாத்து, நீ கறுப்பு உனக்கு மெரூன் எடுக்காது, நான்தான் முதல்ல ஆடர் போட்டேன், உன் புருசன் உனக்குப் பச்சைதான் எடுப்பாருன்னு ஒரே அமளி. நான் நடுவுல புகுந்து அந்தப் பக்கம் ஒரு இடி, இந்தப் பக்கம் ஒரு இடி வாங்கினேன். முதலாளி அப்படியே மலைச்சுப் போயி நிக்கிறாரு. அவரு கையில ஃபோனு. லைவை நிப்பாட்டணும்னு அவருக்கும் தோணலை, எனக்கும் தோணலை. சரோஜா அக்காதான் திரையைப் பார்த்துட்டு என் முதுகுல தட்டினாங்க. டிக்கோயா, வலப்பனை, எங்கெங்கேயோ இருந்து எழுதிக்கிட்டே இருக்காங்க. இவ்வளவு அடிபிடியா, அப்ப நல்ல சேலையாத்தான் இருக்கும், எங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க.

அதை வாசிச்சதும் செல்வராணி அக்கா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினாங்க. வேற தோட்டத்துக்காரிக நம்ம சேலையைத் தூக்கிட்டுப் போகப் போறாளுக, யாரும் மாத்த வேணாம், கோயிலுக்கு எல்லாரும் இதையே கட்டிட்டு வரிசையாப் போவோம், பார்க்கிறவங்க பார்க்கட்டும்னாங்க. நான் மூச்சு விட்டேன். அவங்க விடலை. இனிமே எங்க பக்கத்துல இருந்து ஆடர் வந்தா என்கிட்ட சொல்லிட்டு அனுப்புங்க, எவ எந்த வீடுன்னு நான் சொல்றேன், ஆனா அதுக்கு ஏதாவது காசு போட்டுக் குடுக்கணும்னாங்க. முதலாளி இழுத்தாரு. அக்கா அவரை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னாங்க: "சும்மா பார்த்துக் குடுக்க நான் என்ன உங்க மாமியாளா?"

தீபாவளிக்குப் பிறகு

இப்ப ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒரு செல்வராணி இருக்காங்க. பறிச்ச கொழுந்தைத் தராசுல நிறுத்துட்டு வந்து ஃபோனை எடுத்துப் பார்த்து, இது வேணாம், இதை நம்ம பக்கம் ஏற்கனவே எடுத்துட்டாங்கன்னு சொல்லி அனுப்புறாங்க. அதுல வர்ற காசுல ஒருத்தங்க தையல் மெஷின் வாங்கி, எங்க சேலைக்கெல்லாம் ரவிக்கை தைச்சுக் குடுக்கிறாங்க.

எங்க கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. தீபாவளி முடிஞ்சு கடை திறந்த அன்னைக்கு முதலாளி மேல வந்தாரு. வந்தவரு சேலை அடுக்கையெல்லாம் ஒருதடவை சுத்திப் பார்த்தாரு. நானும் சரோஜா அக்காவும் அடுக்கிக்கிட்டு இருந்த சேலையை அப்படியே கையில பிடிச்சுக்கிட்டு நின்னோம். அவரு மேல்மாடியைப் பூட்டலைன்னாரு. சரோஜா அக்கா சேலைக் குவியல் மேலயே உக்காந்து விக்கி விக்கி அழுதுட்டாங்க. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, அதுல என்ன வெக்கம். முதலாளி போகாம இன்னும் நின்னாரு. பொறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "கீழ சட்டைப் பக்கம்தான் ஈயோட்டிக்கிட்டு இருக்கு, அங்க நிக்கிறவனுகளுக்கு இந்த லைவ்ல பேசுறதைக் கொஞ்சம் சொல்லிக் குடேன் வசந்தி, இல்லைன்னா அதைத்தான் பூட்டணும்."

ஊர் உலகமே பார்க்க ஃபோன்ல பேச இப்ப எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, முதலாளி முகத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் கூட்டிக் கேக்கத்தான் இன்னும் வாய் வரமாட்டேங்குது.