முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவளும்

ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளொக்கில்தான் கரோலினாவும் அவளுடைய கணவர் கிளெமென்றும் குடியிருக்கிறார்கள். வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அந்த இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை நடக்கிற ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டும். அன்றைக்கும் ஒருவர் வேலை என்று பாதிப் பூசையில் எழும்பிப் போய்விடுவார்.

காரணம் சண்டை இல்லை. கிளெமென்ற் பஸ் ஓட்டுகிறவர். ஊர் எழும்ப முன்னமே எழும்பி முதல் பஸ்ஸை எடுக்கப் போவார், மதியம் கழிந்து வருவார். கரோலினா என்னோடு முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்கிறவள். அவர் வர, அவள் புறப்படுவாள். பிள்ளைகள் யூலியனும் லீசாவும் சின்னவர்களாக இருந்தபோது, எப்போதும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு அது. கதவடியில் நின்று, "சோறு குக்கரிலை கிடக்கு, லீசாவுக்கு இருமல், பால் முடிஞ்சுது" என்று வீட்டை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இரவு அவள் வரும்போது அவர் நித்திரை. விடிய அவர் போகும்போது அவள் நித்திரை. எங்கள் சனத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பிள்ளை வளர்த்தோம். யூலியன் பேர்கனுக்கும் லீசா த்ரொன்ஹைமுக்கும் போய்விட்ட பிறகும் இவர்கள் மட்டும் அந்த ஏற்பாட்டை விடவில்லை.

போன ஜூனில் எங்கள் மேலாளர் கரோலினாவைக் கூப்பிட்டார். பகல் வேலையில் நிரந்தரமாக ஓர் இடம் வருகிறது, உனக்குத் தரலாம், கோடை விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமை பதில் சொல் என்றார். பகல் வேலைக்கு எங்கள் இல்லத்தில் நடக்காத பிடுங்குப்பாடு இல்லை. வேறு யாராவது என்றால் நின்ற இடத்திலேயே சம்மதித்திருப்பார்கள். கரோலினாவோ முகம் வெளிறிப்போய் என்னிடம் வந்தாள்.

"நாலு மணிக்கு வீட்டை போயிடுவன். அவரும் நிப்பார். பேந்து படுக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது?"

"கட்டின மனுசனோட கதைக்கிறதுக்கு என்னடி யோசனை?"

"கட்டின மனுசன்தான். ஆனா ஆளை எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் உண்மையாகவே பயந்துபோய் இருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. வேண்டாம் என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஓடும். ஓம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் எங்கே போவது? அவள் என்னை விட்டுப் போகக்கூடாது என்று எனக்கும் ஓர் ஆசை இருந்ததால், நான் பெரிதாகப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் பிள்ளைகளின் பரிசு வந்தது. கல்யாண வெள்ளிவிழா கொரோனாவுக்குள் அடிபட்டுப் போனதற்காக இப்போது சேர்த்துக் கொடுத்தார்களாம். கரோலினா பிரான்சின் லூர்து மாதா யாத்திரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கொடுத்தது வடக்கே ரைசா தேசியப் பூங்கா. ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிற பெரும் பள்ளத்தாக்கு. கரையோரமாக நாள் கணக்கில் நடந்து, மரக்குடில்களில் படுத்து, உள்ளே கடைசியில் இருக்கும் ஈமோ அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நோர்வேஜியர்களுக்கு இது விடுமுறை. முதுகில் மூட்டையோடு காட்டுவழியே நடப்பதை நாங்கள் ஊரில் ஒருமுறை நடந்து முடித்தவர்கள். அப்போது அதற்கு இடப்பெயர்வு என்று பெயர்.

"லூர்துக்குப் போனா நீங்கள் பஸ் நிறைய ஆக்களோட கதைச்சுக்கொண்டு திரிவீங்கள் அம்மா. அப்பா யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு இருப்பார்" என்று லீசா போனில் சொன்னாளாம். "அங்கை ஒருத்தரும் இல்லை. போனுக்கு டெக்னிங்கும் இல்லை, சிக்னலே வராது."

கெட்டிக்காரப் பிள்ளை. கிளெமென்ற் மட்டும் மறுபேச்சு இல்லாமல் சப்பாத்து வாங்கினார், அரிசி பருப்பு கட்டினார், மாசிச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைத்தார். குடிலில் கரண்ட் இல்லை என்று லீசா சத்தியம் பண்ணிய பிறகுதான் ரைஸ் குக்கரைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

இனி வருவதை இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள். ஒத்துப்போகிற பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள். காரைப் பூட்டியாயிற்றா, யூலியன் போன் எடுத்தானா, சப்பாத்துக் கடிக்கிறதா, இந்த மூன்றும் முதல் பாலத்துக்கு முன்னமே கதைத்து முடிந்துவிட்டன. பிறகு ஆற்றுச் சத்தமும் நுளம்புக் கடியும்தான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கரோலினா வாயைத் திறந்தாள்.

"எனக்குப் பகல் வேலை தரப்போகினமாம்."

முன்னால் போன கிளெமென்ற் நின்று திரும்பினார். "பகலெண்டா?"

"காலமை போய் நாலு மணிக்கு வாறது. வாற திங்கள் முடிவு சொல்லோணும்."

"அப்ப பின்னேரத்திலை நீர் வீட்டை நிப்பீர்."

"ஓம்."

"ம்" என்றார் கிளெமென்ற். திரும்பி நடந்தார். குடிலுக்கு வந்ததும் அடுப்பை மூட்டிச் சமைத்தார். கரோலினா இரவு முழுக்க அந்த 'ம்' என்னத்துக்கு என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் அவள் எழும்பும்போது பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. ஆளும் இல்லை, பையும் இல்லை. மேசையில் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியும் துணியில் சுற்றிய ரொட்டியும் இருந்தன. மனுசன் வழக்கம்போல முதல் பஸ் நேரத்துக்கு எழும்பி, பாரமான சாமான் எல்லாவற்றையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, அடுத்த குடிலைப் பார்த்துப் போய்விட்டார். என் மனுசன் இப்படிச் செய்திருந்தால் நான் அந்த இடத்திலேயே திரும்பி ஒஸ்லோவுக்கு வந்திருப்பேன். கரோலினா நல்லவள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நடந்தாள்.

அன்றைய பாதை அவளை வதைத்துவிட்டது. சுவரிலிருந்து உடைந்து விழுந்த பாறைகள் குளிர்சாதனப்பெட்டி அளவில் குவிந்துகிடந்தன. பாதை அவற்றின் மேலாகத்தான் போகிறது. அவளுக்கு உயரம் என்றால் நடுக்கம். கீழே ஆறு தெரிந்த இடங்களில் குந்தியிருந்து, பின்பக்கத்தால் அரக்கி அரக்கி இறங்கினாள். ஜெபம் பாதி, கிளெமென்றுக்குத் திட்டு மீதி. ஒவ்வொரு பாறையையும் தாண்டும்போது வந்த கோபம்தான் அடுத்த பாறைக்குக் கொண்டுபோனது என்று சொன்னாள்.

மத்தியானம் ஒரு நோர்வேஜியத் தம்பதி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகவா வந்தாய் என்று கேட்டார்கள். இல்லை, கணவரோடு என்றாள். இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலையில் இதே வழியால் போன ஒருவரும் மனைவியோடு வந்திருப்பதாகத்தான் சொன்னாராம். மனைவியைக் காணவில்லையே, பாவம், பறிகொடுத்த துயரத்தில் நடக்கிறார் போலிருக்கிறது என்று இவர்கள் அவருக்காக மனம் வருந்திக்கொண்டிருந்தார்களாம்.

"செத்துப்போன மனுசி நான்தான்" என்று கரோலினா சொல்ல, அவர்கள் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் அவளுக்கு ஒரு சொக்கிலேற் கொடுத்தார்கள்.

பொழுது சாய்ந்த நேரம் அவள் அடுத்த குடிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த ஊரில் ஜூலையில் வெளிச்சம் சாய்வதே இல்லை, அது வேறு கதை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் சோறும் பருப்பும் சம்பலும் இன்னொரு தட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தன. கிளெமென்ற் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கரோலினா அந்தத் தட்டைத் திறந்து சாப்பிட்டபடி, இது எங்கள் வீடேதான் என்று நினைத்தாள். ஒருவரும் இல்லாத காட்டுக்குள்ளும் அவர் காலை வேலையிலும் நான் மாலை வேலையிலும்தான் நிற்கிறோம், மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தாள். அப்படி முடிவெடுத்ததும் அழுகை வந்தது என்றும் சொன்னாள்.

இரவு மழை பெய்தது. மூன்றாம் நாளும் எழும்பும்போது கட்டில் வெறுமை, மேசையில் பிளாஸ்க். அன்றைக்கு அருவியைப் பார்த்துவிட்டு அதே குடிலுக்குத் திரும்புவதுதான் திட்டம். போகாமல் இருந்துவிடுவோமா என்று யோசித்தாள். பிள்ளைகள் படம் கேட்பார்கள் என்று கிளம்பினாள். பாதை மேலே ஏறி, பள்ளத்தாக்கின் விளிம்போடு போனது. ஆறு எங்கோ அடியில் ஒரு கோடாகத் தெரிந்தது.

ஓரிடத்தில் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓர் ஓடை பாய்ந்தது. இரவு மழையில் பெருகி, கல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் ஒரு பாறையில் கிளெமென்ற் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இதிலை இருக்கிறியள்? காலிலை ஏதும் பட்டுட்டுதோ?"

"இல்லை. நீர் வரட்டுமெண்டு இருந்தனான்."

காலையில் வந்து பார்த்தபோதே தண்ணீர் இப்படித்தான் ஓடியதாம். அந்த நோர்வேஜியத் தம்பதி வந்து, தங்களோடு கையைப் பிடித்துக்கொண்டு கடக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். மனைவி வருவாள் என்றிருக்கிறார். அவர்கள் இந்த முறை நம்பினார்கள்.

கரோலினா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனத்தில் கிடந்ததை அப்படியே கேட்டாள். "நான் பின்னேரத்திலை வீட்டை நிக்கிறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

கிளெமென்ற் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "எனக்கு உம்மோட சேந்து நடக்கத் தெரியேல்லை. முன்னாலை போய் அடுப்பு மூட்டத் தெரியும். சமைச்சு மூடி வைக்கத் தெரியும். அது மட்டும்தான் பழக்கம். நீர் பகல் வேலையெண்டு சொன்ன உடனை எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. பின்னேரம் முழுக்க என்னைப் பாத்துக்கொண்டு இருந்தா, சீ, இந்த மனுசனோடயோ இவ்வளவு காலமும் இருந்தனான் எண்டு உமக்கு வெறுத்துப் போகுமெண்டு பயந்திட்டன்."

கரோலினாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தான் பயந்ததையே அவரும் பயந்துகொண்டு முன்னால் ஓடியிருக்கிறார். தான் அதையே சுமந்துகொண்டு பின்னால் வந்திருக்கிறாள். "எழும்புங்கோ, முதல் இதைக் கடப்பம்" என்றாள்.

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மனுசன் பழக்கதோஷத்தில் எட்டி ஒரு கால் முன்னால் வைத்தார். கை இழுபட்டு, கரோலினா இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவரும் மேலே விழுந்தார். இரண்டு பேரும் தவழ்ந்து புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தார்கள்.

பிறகு அவள் எங்கள் வேலையிடத்துப் பழக்கத்தை எடுத்தாள். எழும்ப ஏலாத ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நாங்கள் தனியாளாகச் செய்வதில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்பதை நோர்வேஜியத்தில் என், தூ, த்ரே என்று எண்ணி, மூன்றில் ஒன்றாக நகர வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஆள் விழும், பிந்தினாலும் விழும். கரோலினா கணவரைத் தன் முகம் பார்க்க நிறுத்தி, இரண்டு முழங்கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். என், தூ, த்ரே, ஓர் அடி. என், தூ, த்ரே, இன்னோர் அடி. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் கடந்தார்கள். அவளுக்கு எதிரில் நின்று அப்படி எண்ணுகிறவள் இவ்வளவு காலமும் நான்தான். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அக்கரையில் நனைந்த சப்பாத்தைக் கழற்றி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கரோலினா கேட்டாள். "அப்ப நான் என்ன சொல்ல? ஓம் எண்டோ, வேண்டாமெண்டோ?"

"ஓமெண்டு சொல்லும்" என்றார் கிளெமென்ற். "எனக்குப் பயம்தான். எண்டாலும் சொல்லும்."

அருவிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் வந்து ஒரே குழிக்குள் கொட்டுகிறதாம். எடுத்த படம் முழுக்கப் புகை மாதிரி இருக்கிறது, நல்ல படம் ஒன்றுகூட இல்லை. திரும்பும்போது பாறைக் குவியலை இன்னொரு முறை பார்க்க மாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லிவிட, நீளமான மரப்படகு ஒன்றில் ஆற்றுவழியே வந்தார்கள். படகு முழுக்க வாய் ஓயவில்லையாம். சப்பாத்து விலையில் தொடங்கி, அவர் ஓட்டுகிற வழியில் தினமும் ஏறுகிற ஒரு கிழவரின் நாய் வரைக்கும் பேச்சு போனது. அந்த நாயைப் பற்றி எனக்கும் இப்போது எல்லாம் தெரியும்.

தெருவுக்கு வந்து போன் உயிர்த்ததும், திங்கள் வரைக்கும் வைத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று அந்த இடத்திலேயே மேலாளருக்கு அழைப்பு எடுத்தாள். கிளெமென்ற் ஈரச் சப்பாத்தோடு பக்கத்தில் நின்றார். பகல் வேலையை எடுக்கிறேன் என்றாள். நிச்சயமாகவா என்று மேலாளர் கேட்டார்.

"நிச்சயமெல்லாம் இல்லை" என்றாள் கரோலினா. "இரண்டு பேருக்கும் பயமாக இருக்கிறது. ஆனாலும் எடுக்கிறேன்."

அந்தப் பக்கம் மேலாளருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கிளெமென்ற் மாத்திரம் அவள் போனை வைக்கும்வரை கையை விடவில்லையாம்.