கோட்டைத் தாண்டாத செல்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் பட்ட அவஸ்தைகளில் பெரியது இந்தச் சிறியாநங்கை மூலிகை விஷயம்தான்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மூலிகைச் சாறுகளில் எதற்காவது புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் குணம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். சின்னத் தட்டில் புற்றுச் செல்களைப் பாலாடை மாதிரி படர விட்டு, நடுவில் கூர்முனையால் ஒரு கோடு இழுப்பேன். கோடு போன இடம் வெறுமையாகிவிடும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அதை மூடியிருக்கும். சாறு விட்ட தட்டில் மட்டும் மூடவில்லை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம்.

எந்த முடிவும் மூன்று தடவை வராமல் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் ஆய்வக வழக்கம். நான் முதல் தடவையே விட்டேன். அதுவும் யாரிடம்? அக்காவிடம்!

ஜோகுபாளையம் வீட்டில் அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவர்தான். அவளுக்கு மார்பில் புற்று வந்து, அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்திருந்தது. நோய் திரும்பாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். அதைப் போட்டால் உடம்பு தகதகவென்று எரிகிறது, முட்டி வலிக்கிறது என்று தினம் ஒரு பாட்டுப் பாடுவாள்.

அன்று அல்சூரில் மெட்ரோவை விட்டிறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

"அக்கா, சிறியாநங்கை சாறு உட்டா ஒரு செல்லு நகரல! போட்ட கோடு அப்படியே இருக்குது!"

"நெசமாவா? அப்ப நோவு வேற எடத்துக்குப் போவாதா?"

"எங்க போவும்? அசையவே இல்லன்றேன்!"

மறுநாளே வீட்டில் கஷாயம் கொதித்தது. கசப்பில் அவள் முகம் கோணுவதைப் பார்த்துச் சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையும்தான், பொய் சொல்வானேன்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை செய்யப் போனபோது, எங்கள் மேடம் நான் எழுதி வைத்திருந்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"சாறு கரையலன்னு கரைப்பான் ஜாஸ்தி ஊத்தினியா? அப்ப சாறு இல்லாத தட்டுலயும் அதே அளவு ஊத்தி ஒப்பிட்டுப் பாத்திருக்கணுமே?"

அவர் சொன்னபடியே ஊற்றி வைத்தேன். மறுநாள் பார்த்தால், மூலிகையே இல்லாத தட்டிலும் கோடு மூடவில்லை. கரைப்பான் அதிகமாகிச் செல்கள் செத்துக் கிடந்தன. செத்தது எங்கே நகரும்? சிறியாநங்கைக்கு அந்தக் குணம் உண்டா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துத் தலை வலித்தது. வீட்டுக்கு வந்து தலைவலி மாத்திரை தேடி மருந்து டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிய அக்காவின் மாத்திரை அட்டை பிரிக்காமல் முழுசாக இருந்தது. அட்டையோடு அவளிடம் ஓடினேன்.

"அக்கா! மாத்திர போடறியா இல்லியா?"

"அதான் கஷாயம் குடிக்கறேனே."

"அறிவிருக்குதா உனக்கு? யாரக் கேட்டு நிறுத்தின?"

"உன்னத்தான். நீதான அசையாதுன்ன?"

அவள் மேல் வந்த கோபமெல்லாம் அப்படியே என் பக்கம் திரும்பியது. அவள் காலடியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். "தப்பு எம்மேலதான்க்கா. உனக்கு எதுனா ஆச்சுன்னா..." அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் எழுந்து போய் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் லீவு போட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இருவரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இன்றைக்கே மாத்திரையைத் தொடருங்கள் என்றார். எரிச்சலையும் முட்டி வலியையும் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு அதற்கும் மருந்து எழுதினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே கேன்டீனில் அக்கா தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கினாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, முழுங்கிட்டேன். எனக்கோசரம்தான அவசரப்பட்ட?"

அவள் அட்டையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நீ மெதுவாவே கண்டுபுடி. அதுவரைக்கும் இதப் போட்டுக்கினு நான் இருக்கறேன்."