கோவில்பட்டிக்கு ஒரு பெரணி

காலை ஆறே முக்காலுக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். பைப்புக் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு, நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய், ஒரு தொட்டிச் செடி வாங்கி வர வேண்டுமாம். அதுவும் பூக்காது, காய்க்காது, வெறும் இலை. பெரணி.

என் மனைவி லீலா கால் ஒடிந்து இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறாள். எதிரே வெள்ளைச் சுவர். “பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்குது. எங்க ஊர்ப்பக்கம் போய் ஒரு ஃபெர்ன் வாங்கிட்டு வாங்க” என்றாள். உள்ளூரில் வாங்கிய மூன்று செடிகள் முன்பே கருகிவிட்டன. அவள் ஊர் குலசேகரம். அங்கே மழை வீட்டு ஆள். எங்கள் ஊருக்கு அது விருந்தாளி.

முப்பந்தல் வரை முள்ளுக்காடும் காற்றாலையும். ஆரல்வாய்மொழி தாண்டியதும் வயல், வாழை, தென்னை. பத்து மணிக்கு வடசேரி பஸ் நிலையம். குலசேகரம் பஸ் முக்கால் மணி நேரம் கழித்து, நிற்கவும் இடமில்லாமல் வந்தது.

தக்கலை தாண்டினால் மதில்களில் எல்லாம் பெரணி. கல் இடுக்கில், கிணற்று விளிம்பில், மின்கம்பத்தடியில்கூட. “இது விலைக்குக் கிடைக்குமா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இதையா? இதப் பிடுங்கித் தூரப் போடியதுக்கு நாங்க ஆளுக்குக் கூலி குடுக்கியோம்!”

சொன்னதோடு விட்டாரா? அடுத்தவரிடமும் சொன்னார். பாதி பஸ் சிரித்தது.

குலசேகரத்தில் இறங்கி, ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் அழுது நர்சரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பச்சை வலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் தொங்கின. நர்சரி நடத்துகிற அம்மா ஒரு தொட்டி நூற்றைம்பது ரூபாய் என்றார். பேரம்கூடப் பேசாமல் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எங்கயிருந்தாக்கும் வாறீங்க, சாரே?”

“கோவில்பட்டி.”

“அய்யோ! அங்க தண்ணி எப்படி?”

“போர் தண்ணி. லேசா உப்பு.”

“பகல்ல நனச்சுக் குடுக்க ஆளு உண்டுமா?”

பெண் பார்க்கப் போனபோது என் மாமனார்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. “நான் கடையில இருப்பேன். வீட்டுக்காரி எந்திரிக்க முடியாது” என்றேன்.

“அப்பம்னா இதக் கொண்டு போவண்டாம். பட்டுப் போவும். அந்த ஊருல இது பிழைக்காது, சாரே.”

எனக்கு வந்ததே கோபம்! “ஏம்மா, உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி முப்பது வருஷமா அங்கதான் பிழைச்சுக்கிட்டு இருக்கா. அவளுக்குத்தான் இது!”

கால் ஒடிந்த கதையையும் சொன்னேன். அப்போதும் அந்த அம்மா விடவில்லை. “மத்தியானம் ஒருக்கா தண்ணி தெளிக்கணும், கேட்டேளா?”

“கடையை அடைச்சிட்டு வந்து தெளிக்கிறேன். சத்தியம். போதுமா?”

அதன் பிறகுதான் தொட்டி என் கைக்கு வந்தது.

திரும்பும்போது நாய் படாத பாடு. ஆரல்வாய்மொழிக் காற்று இலைகளைப் பிய்க்கப் பார்த்தது. ஜன்னலை அடைத்தால், “சனம் வேகுது, தொறங்க” என்று கண்டக்டர் அதட்டினார். மேல்துண்டால் செடியை மூடி, முதுகை ஜன்னலுக்குக் கொடுத்து உட்கார்ந்தேன். தொட்டித் தண்ணீர் வழிந்து பக்கத்து ஆளின் வேட்டி நனைந்தது. அவர் பேசிய பேச்சை எழுத முடியாது. வீடு சேரும்போது இரவு எட்டு. நாலு இலைதான் சேதம்.

கட்டிலுக்கு எதிரே, அந்த வெள்ளைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். நர்சரியில் கேட்ட கேள்விகளை எல்லாம் சொன்னபோது லீலா வெகு நேரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, கொளுத்துகிற வெயிலில் வந்து, அந்தச் செடியைத் திட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்தேன். லீலா பார்த்துக்கொண்டே கிடந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது.

“கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம். ஒரு நாள் மத்தியானம்கூட இந்த வாசல்ல உங்க தலையைக் காணல. இதுக்குத் தண்ணி தெளிக்க மட்டும் கடையை அடைச்சிட்டு வந்திருக்கியளாக்கும்.”

செம்பைக் கீழே வைத்தேன்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“தனியா என்னத்தச் சாப்பிட?” என்றாள்.