கடைக்குப் பின்னால் மலை

1986 நவம்பர் 9, ஞாயிறு, மாலை நான்கரை மணி. செம்பூரில் பீர் முகம்மதுவின் தோல்பைக் கடையில் நிற்கிறேன். மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்த என்னை, கட்டட வடிவமைப்பாளரான ராஜி அக்கா மாட்டுங்காவிலிருந்து அழைத்து வந்திருக்கிறாள். இக்கடையை இடித்துவிட்டு இதே மனையில் எழுப்பவிருக்கும் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் அட்டை மாதிரியை மேசைமேல் வைக்கிறாள். கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள். வீடுகளின் பால்கனிகள் அனைத்தும் மலையைப் பார்க்கின்றன.

பீர் முகம்மது குனிந்து, கீழ்த்தளத்தில் தனக்குத் தரவிருக்கும் கடையைப் பார்க்கிறார். இப்போதுள்ள கடையின் பின்கதவு மலைப்பக்கம் திறந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் அவர் தோல்களை நிறம் பார்த்து ஜோடி சேர்க்கிறார். மாதிரியில் அந்தப் பக்கம் முழுச் சுவர்.

“மேல குடியிருக்கவனுக்கு மலை, எனக்குச் செவராம்மா?”

“பில்டர் அப்படித்தான் கேட்டார், பாய். நான் என்ன பண்றது?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் செய்யுதேன்.”

தோல் அறுக்கும் கத்தியை எடுத்து, அட்டைச் சுவரில் மூன்று கோடுகள் இழுக்கிறார். கதவளவு துண்டு ஒன்று மேசைமேல் விழுகிறது.

“ஐயோ பாய்! நாளைக்கு இதை பில்டர்கிட்ட காட்டணுமே!”

“காட்டுங்க. பீர் முகம்மது அறுத்தான்னு சொல்லுங்க. கதவு இல்லன்னா கடையக் காலி பண்ண மாட்டான்னும் சொல்லுங்க.”

மறுநாள் காலை, துண்டையும் பசையையும் என்னிடம் தந்து, சுவரை ஒட்டிவிடச் சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போகிறாள். நான் துண்டை இரண்டாக நறுக்கி, அந்தத் திறப்பின் கீழே, மலைப்பக்கம் இறங்கும் இரண்டு படிகளாக ஒட்டுகிறேன்.